ஆட்சேபணை உள்ளவர்கள்

"எனக்கு ஆட்சேபணை இருக்கு, ஃபாதர்."

திங்கட்கிழமை காலை பங்கு அலுவலகத்துக்குள் நுழைந்த அந்த அம்மாள் உட்காரக்கூட இல்லை. அதற்குள் சொல்லிவிட்டாள்.

பங்குத்தந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பதுபோல, குருப்பட்டம் வாங்கிப் பாதிரியாராகப் போகிறவருக்கும் மூன்று ஞாயிறு கோயிலில் ஊர், படிப்பெல்லாம் சொல்லி ஓலை வாசிப்பார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் வந்து சொல்லலாம். இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் வந்ததில்லை. மூன்றாவது ஓலை நேற்றுத்தான் முடிந்தது. பட்டத்துக்கு இன்னும் பன்னிரண்டே நாள்.

பட்டம் வாங்கப் போகிறவன் வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாலு வருஷம் படுக்கை விரிப்பு மடித்தான். அப்புறம் எட்டு வருஷம் குருமடம். தெரியாத மொழியில் முட்டி மோதிப் படித்து, இப்போதுதான் கரையேறப் போகிறான்.

"நீங்க யாரும்மா?"

"அந்தச் சலவைக்கூடத்துக்கு இப்ப நான்தான் சூப்பர்வைசர். அப்ப அவனும் நானும் ஒரே ஷிப்ட். எழுதிக்கச் சொல்லுங்க, ஃபாதர்."

எழுத்தர் அதற்கு முன்பே பேனாவைத் திறந்துவிட்டார். ஒன்பது மணிக்கு வர வேண்டியவர், ஒன்பதரைக்கு வந்து பதிவேட்டில் ஒன்பது என்று போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏழு மாசம் கள்ளக் கையெழுத்து போட்டான். வேலைக்கு வராத ஆள் வந்ததாக் காட்டி."

"எனக்கு அப்பவே தெரியும். எங்கிருந்தோ வந்தவங்களை நம்பினா இப்படித்தான்" என்றார் எழுத்தர், எழுதிக்கொண்டே.

பக்கத்தில் கோயிலில் பூசை வைத்துப் பழகிக்கொண்டிருந்த அந்தப் பையனை ஆள் விட்டுக் கூப்பிட்டார் பங்குத்தந்தை. அந்த அம்மாளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. விஷயத்தைக் கேட்டதும் வாடியது.

"கையெழுத்து போட்டியாப்பா?"

"போட்டேன், ஃபாதர்."

"யாருக்காக?"

"அது இன்னொருத்தர் வயித்துப்பாடு. நான் சொல்ல மாட்டேன்."

"பிஷப் பட்டத்தை நிறுத்திட்டார்னா? பன்னெண்டு வருஷம் பாடுபட்டிருக்கே."



"நிறுத்தட்டும், ஃபாதர்."

அவன் போகும்வரை அந்த அம்மாள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தே இருந்தாள். பங்குத்தந்தைக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.

"எழுதியாச்சா?" என்றாள்.

"வரிக்கு வரி" என்றார் எழுத்தர்.

"அப்புறம் எழுதினதை அடிச்சிட மாட்டீங்களே?"

"புகாரை அடிக்கக் கூடாது. அப்படியே பிஷப்புக்குப் போகும். போதுமா?" என்றார் பங்குத்தந்தை. "யார் பேர்ல கையெழுத்து போட்டான்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"என் பேர்ல."

பேனா நின்றது.

"என் வீட்டுக்காரர் அதே ஆஸ்பத்திரியில நாலாவது மாடியில கிடந்தார். நான் புதுசா சேர்ந்தவ, லீவு கிடையாது. 'நீங்க மேல போங்கக்கா'ன்னுட்டு என் வேலையையும் சேர்த்து அவனே செஞ்சான். அவர் கண்ணை மூடுறப்ப நான் பக்கத்துல இருந்தேன், ஃபாதர். மாட்டியிருந்தா எனக்கு வேலைதான் போயிருக்கும். அவனை நாட்டை விட்டே அனுப்பியிருப்பாங்க."

எழுத்தர் மேஜைமேல் கிடந்த தன் பதிவேட்டை மெல்ல இழுத்து மூடினார்.

"இது வெளியே தெரிஞ்சா இப்பவும் உங்க வேலைக்கு ஆபத்தாச்சே?" என்றார் பங்குத்தந்தை.

"தெரியும். அதையும் எழுதிக்கங்க. மூணு ஓலையும் கேட்டேன். அவன் ஊர் இருந்துச்சு, படிப்பு இருந்துச்சு. இது இல்லை."

பங்குத்தந்தை எழுந்து அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இதை நல்லவிதமாவே வந்து சொல்லியிருக்கலாமேம்மா. புகாரா ஏன் சொன்னீங்க?"

"நல்லவிதமா சொல்லியிருந்தா ஒரு காபி குடுத்து அனுப்பியிருப்பீங்க, ஃபாதர். புகார்னாத்தானே எழுதி பிஷப்புக்கு அனுப்புவீங்க?"