சொந்த மாடு

விருத்தாசலத்து வெயிலில், சினைக்குக் கத்துகிற மாட்டைப் பிடித்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரி வாசலில் நின்று நின்று திருமாலுக்குக் கால் கடுத்துப்போனது. வேப்பூருக்குப் பிரசவம் பார்க்கப் போன டாக்டர் இன்னும் திரும்பவில்லை. இன்றைக்குள் சினை ஊசி போடாவிட்டால் பருவம் தப்பிவிடும்.

“ஏன் தம்பி காயுறீங்க?” என்றாள் ஆட்டுக்கு மருந்து வாங்க வந்த ராஜம்மாள். “போன் போட்டா வூட்டுக்கே பைக்குல வந்து ஊசி போடுற ஆளுங்கதான் இருக்குறாங்களே!”

“அவனுங்களா? படிப்பும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது. கண்டபடி கையை வுட்டு கர்ப்பப்பையக் கெடுத்துட்டா மாடே போச்சுங்கக்கா!”

“அதுவும் நெசந்தான்.”

திருமாலின் போன் அலறியது. எரிச்சலோடு எடுத்தான்.

“சொல்லுங்க... உங்க மாடும் கத்துதா? கட்டிப் போடுங்க. இங்க டாக்டர் வந்து என் மாட்டுக்கு ஊசி போட்டதும், பைக்குல வந்து உங்க மாட்டுக்கு நானே போட்டுடறேன்.”