புயல் வழி கேட்கும் ஊர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகட்டும். புளோரிடாவின் நடுவே, கடல் எட்டாத ஊர். நாளை புயல் என்பதால் கடற்கரைக்காரர்கள் தேவாலயக் கூடத்தில் வந்து இறங்குகிறார்கள். மாலை வெயில் பித்தளையாய் மின்னுகிறது. ஓக் மரங்களில் தாடிபோல் தொங்கும் பாசிகூட அசையவில்லை. மடக்குக் கட்டில்களை விரித்துக்கொண்டிருக்கும் உள்ளூர்க் கிழவர் வெண்டலிடம், பூனைக்கூடையோடு நிற்கும் லொரெட்டா கேட்கிறாள், "கடலே இல்லாத ஊர்ல எப்படித்தான் காலந்தள்றீங்களோ!" வெண்டல் நெஞ்சை நிமிர்த்துகிறார். "புயல்னா உங்க கடற்கரையே எங்க ஊருக்குத்தானேம்மா ஓடி வருது!" அவள் குரல் தாழ்கிறது. "இங்க உசுருக்குப் பயமில்லையே?" "பயமா? எங்க ஓக் மரத்தப் பாத்தா புயலே தொப்பியக் கழட்டிட்டு, 'ஓரமாப் போயிக்கட்டுமா'ன்னு வழி கேக்கும். போன தடவ ஏரி முதலைங்கள்லாம் கரையில உக்காந்து வேடிக்க பாத்துச்சு." லொரெட்டா சிரித்தபடி கூடையைத் திறந்து பூனையை வெளியே விடுகிறாள். போன புயலில் பறந்த வெண்டலின் வீட்டுக் கூரை இன்னும் பக்கத்து ஆரஞ்சுத் தோப்பில்தான் கிடக்கிறது.