சீட்டுக்கு அடியில் இருந்த சுவிட்ச்

இப்போதெல்லாம் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் போனிலேயே ஏலம் கேட்கிறார்கள் என்று கிழவர் வெர்லினுக்கு எரிச்சல். இண்டியானா கார் ஏலத் திடலில் நின்ற பழைய சிவப்பு சார்ஜர் கார், அவர் மகன் ராய்ஸ் ஓட்டிப்போய் விபத்தில் செத்த வண்டி மாதிரியே இருந்தது. மகன் செத்த அந்த வண்டியை அவரே பக்கத்தில் நின்று பழைய இரும்புக்கு நசுக்க வைத்திருந்தார்.

"காலையிலேர்ந்து ஸ்டார்ட் ஆகல பெரியவரே," என்றான் விற்க வந்தவன். "ஆனா இன்ஜின் நம்பர் பக்கா ஒரிஜினல்."

"நம்பரை எவன் வேணும்னாலும் குத்துவான்டா."

வெர்லின் சீட்டுக்கு அடியில் கையை விட்டார். திருடனுக்குப் பயந்து ராய்ஸ் தன் வண்டியில் அங்கே ஒரு சுவிட்சை ஒளித்து, மேலே சூயிங்கம் ஒட்டி வைத்திருந்தான்; அதைத் தட்டாமல் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அப்பனையும் மகனையும் தவிர யாருக்கும் தெரியாது. சுவிட்ச் இருந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த சூயிங்கம் இன்னும் ஈரமாக இருந்தது. சுவிட்சைத் தட்டிவிட்டுச் சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமியது.

"அடேங்கப்பா! நீங்களே எடுத்துக்குங்க பெரியவரே!"

"நசுங்கினதை என் கண்ணால பார்த்தேன். வேற எவனையாவது ஏமாத்து, போ."

விரலைக் கால்சட்டையில் துடைத்துத் துடைத்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.