எழுபத்திரண்டு டிகிரி

"இந்த வண்டி யாரோடது? ஒரு நிமிஷத்துல கதவு திறக்கலைன்னா உடைச்சிடுவேன்!"

காவலரின் குரல் எதிர்ப்பக்கத்து ஓட்டல் வரை கேட்டது. லோவெல் பாதி தின்ற ஐஸ்கிரீமை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். பின்னாலேயே மனைவி ரோண்டா.

அரிசோனா. ஜூலை மாதம். நூற்றுப் பன்னிரண்டு டிகிரி வெயில்.

காலையில் நெடுஞ்சாலையில் டயர் வெடித்ததால், இந்த டயர் கடையில், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீட்டை விட்டு, அதன் நாலு டயரையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள். வேலை முடியட்டும் என்று சாப்பிடப் போனார்கள். டிரெய்லருக்குள்ளே அவர்களுடைய கிழட்டு புல்டாக் நாய், மேபல்.

இப்போது டிரெய்லரைச் சுற்றி இருபது பேர். நாய்க்கு நீதி கேட்க நிமிஷத்தில் ஆள் சேர்ந்துவிடும் ஊர் அது.

"வந்துட்டாருப்பா மகராசன்!" என்றாள் தொப்பி போட்ட ஒருத்தி. "வயிறு ரொம்பிச்சா சார்?"

"நாயை அடுப்புல வச்சிட்டு ஐஸ்கிரீம் கேக்குதா உனக்கு? வாயைத் துடைச்சிட்டு வாய்யா!" என்று கத்தினான் இன்னொருவன்.

டயர்க்காரன் வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து, மல்லாந்து படுத்து வேலையாக இருந்தான். காற்றடிக்கும் எந்திரம் காது கிழிய இரைந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் கால்களைத் தாண்டித் தாண்டித்தான் கூட்டம் சன்னலுக்கும் கதவுக்கும் நடந்தது.

"சார், உள்ள நாய் பிராண்டுதுன்னு தகவல் வந்திருக்கு," என்றார் காவலர். "அது மயங்கிக் கிடந்தா, இங்கேயே பறிமுதல் பண்ணிக் காப்பகத்துக்கு அனுப்பிடுவேன். உங்க மேல வழக்கும் வரும்."

ரோண்டா அலறினாள். "ஐயையோ, அவளுக்குப் பதிமூணு வயசு! காப்பகத்துல ஒரு ராத்திரி தாங்க மாட்டா. லோவெல், சீக்கிரம் திற!"

லோவெல் சாவியை இரண்டு முறை தவறவிட்டார். மூன்றாம் முறை கதவு திறந்தது.

குப்பென்று குளிர்காற்று வந்து எல்லார் முகத்திலும் அடித்தது.

கூட்டம் உள்ளே எட்டிப் பார்த்தது.

மெத்தை மேல் மேபல் படுத்திருந்தாள். தலைக்கு மேல் சின்ன மின்விசிறி. பக்கத்தில் ஐஸ்கட்டி மிதக்கும் தண்ணீர். சுவரில் வெப்பமானி: எழுபத்திரண்டு டிகிரி.

மேபல் ஒரு கண்ணைத் திறந்து காவலரைப் பார்த்தாள். கொட்டாவி விட்டாள். மறுபடி தூங்கிப் போனாள்.

"அடேங்கப்பா, எங்க வீட்டுலகூட இவ்வளவு குளிர் இல்ல," என்றார் காவலர்.

லோவெலுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் பேச்சும் வந்தது.

"கூரையில சோலார் தகடு போட்டிருக்கேன். பேட்டரியில ஓடுற ஏசி. சத்தமே வராது. உள்ள ஒரு டிகிரி ஏறினாலும் என் போன்ல மணி அடிக்கும். நாங்க கண்டவங்க மாதிரி இல்லைம்மா! உயிரோட அருமை தெரிஞ்சவங்க."

தொப்பிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தப்பா பேசிட்டேன் சார். உங்களை மாதிரி மனுஷங்க இருக்கறதாலதான் உலகம் நடக்குது." கைப்பையிலிருந்து குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, "இதையும் மேபலுக்கு வைங்க," என்று நீட்டினாள்.

யாரோ கை தட்டினார்கள். ஒருவர் மேபலோடு படம் எடுத்துக்கொண்டார்.

"எல்லாம் சரி," என்றார் லோவெல், மார்பை நிமிர்த்தி. "புகார் கொடுத்தது எவன்? அதைச் சொல்லுங்க."

"அதைச் சொல்லக் கூடாது சார்."

"வேலைவெட்டி இல்லாத எவனோதான்! நிழல்ல உக்காந்துக்கிட்டு, ஊரான் வீட்டுக் கதவையே பாத்துக்கிட்டிருப்பான். உழைக்கிறவனுக்கு இதுக்கெல்லாம் ஏது நேரம்?"

"சரியாச் சொன்னீங்க," என்றது கூட்டம். சற்று முன் அவரைக் கரித்துக்கொட்டிய அதே கூட்டம்தான்.

காவலர் போனார். கூட்டமும் வெயில் தாங்காமல் கலைந்தது. எந்திரம் நின்றது.

வண்டிக்கு அடியிலிருந்து டயர்க்காரன் ஊர்ந்து வெளியே வந்தான். முகம் தக்காளியாய்ச் சிவந்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எழுந்து நிற்க முடியாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். சட்டைப் பையின் மேல் 'ஹிலாரியோ' என்று தைத்திருந்ததை லோவெல் அப்போதுதான் பார்த்தார்.

"முடிஞ்சிருச்சு ஐயா," என்றான். தயங்கினான். "போன் பண்ணது நான்தான்."

"நீயா?"

"மன்னிச்சிடுங்க. நீங்க எங்க போனீங்கன்னு தெரியல. அட்டை போட்டும் தரை முதுகைப் பொசுக்குச்சு. ரெண்டு தடவை கண்ணு இருட்டிருச்சு. எந்திரம் சித்த நேரம் நின்னப்போ, அது கதவைப் பிராண்டுற சத்தம். காத்தோட்டத்துல கிடக்குற எனக்கே இப்படின்னா, மூடின பெட்டிக்குள்ள அந்த வாயில்லா ஜீவன் என்ன பாடு படுதோன்னு பதறிப் போயிட்டேன்."

ரோண்டா தலையைக் குனிந்துகொண்டாள். லோவெல் விடவில்லை.

"ஏம்ப்பா, ஒன்றரை மணி நேரமா இந்த வண்டியைத் தொட்டுக்கிட்டே இருக்கே. உள்ள குளுகுளுன்னு இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

ஹிலாரியோவின் குரலில் கோபம்கூட இல்லை.

"எப்படித் தெரியும் ஐயா? என்னை யாரும் உள்ள கூப்பிடலையே."