மூன்றாம் நாள் கதை

ரெஜினாவின் வாழ்க்கை நேர்காணல் பதினோரு நாட்கள் நடந்தது. கேள்வி கேட்ட இயந்திரம் பொறுமையானது. அவள் பிறந்ததிலிருந்து பஸ் கண்டக்டராக ஓய்வுபெற்றது வரை எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டது. இப்போது அது தினமும் மாலை ஆறு மணிக்கு, ரெஜினாவின் எண்ணிலிருந்தே, அவள் குரலிலேயே பெங்களூரில் இருக்கும் மகள் பெனிட்டாவைக் கூப்பிட்டுப் பேசுகிறது. நாகர்கோவில் வீட்டுக்கு மகளிடமிருந்து அழைப்பு வந்து இரண்டு மாதமாகிறது.

வியாழக்கிழமை ரெஜினாவுக்கு இதய அறுவை சிகிச்சை. மகளை வரச் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று நான்கு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, மணியைக் கவனிக்காமல் கூப்பிட்டாள்.

“மக்ளே, நான்தான்...”

“இன்னைக்கு அஞ்சு நிமிசம் முன்னாடியே வந்துட்ட! இரு, வெங்காயம் நறுக்கிட்டே கேக்கேன். பஸ்ல மீன்கூடை கவுந்த கத சொல்லு. நேர்காணல்ல மூணாம் நாள் சொன்னல்லா, அது.”

“இல்ல மக்ளே, வியாழக்கிழம எனக்கு...”

“ஐயோ, நீயுமா? நெஜ அம்மாகிட்டதான் ரெண்டு நிமிசம் பேச முடியல, ஆஸ்பத்திரி, மாத்திரன்னு ஒரே பாட்டு. நீயாவது கத சொல்லு.”

ரெஜினா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். மறுமுனையில் வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது. மகள் காத்திருந்தாள்.

அவள் கதையைத் தொடங்கினாள். மகள் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று, மூன்றாம் நாள் நிறுத்திய இடங்களிலேயே நிறுத்தி, சிரித்த இடங்களிலேயே சிரித்தாள்.