ஆறு நாய்க்கு ஆறு மணி

காலாண்டு லீவுக்கு ஏலகிரி போக வேன் பேசியாகிவிட்டது. காட்டுப்பாக்கத்தில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து நான்கு குடும்பங்கள் போவதாக ஏற்பாடு. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, எதிர்வீட்டு ஸ்வீட்லின் வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

ராணிக்கு முகம் சுருங்கிவிட்டது. வேன் பேசியது அவள்தான்.

"இன்னா ஸ்வீட்லின், யாருக்கனா உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லக்கா. பிள்ளைங்களோட வீட்டுல உக்காந்து கைவேலை செய்யப்போறோம். தெரு நாய்ங்களுக்குக் கழுத்துப்பட்டை தைக்கணும்."

சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று ராணிக்குச் சந்தேகம். நாய்க்குப் பட்டை தைக்கவா ஒரு குடும்பம் ஏலகிரியை விடும்?

மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தபோதும் எதிர்வீட்டில் அதே வேலைதான் நடந்துகொண்டிருந்தது. ஹால் முழுக்கப் பழைய ஜீன்ஸ் துண்டுகள். ஸ்வீட்லின் மெஷினில் தைக்க, அவள் கணவன் பால்ராஜ் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு, எலாஸ்டிக்கை அளந்து வெட்டிக்கொண்டிருந்தான். மகள் ஜெமிமா பட்டைகளில் பூப்போட்டாள். மகன் ஷெர்வின் ஒவ்வொன்றிலும் ஒரு மணி கோத்தான். குமணன்சாவடியில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய மணிகள். ஒன்றைப் போல ஒன்று சத்தம் போடாது.

நான்கு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏலகிரியில்கூட அப்படிச் சிரித்ததாக ராணிக்கு நினைவில்லை. அதுவும் கொஞ்சம் உறுத்தியது.

தெருவில் ஆறு நாய்கள். ஐந்து சுலபமாகக் கழுத்தை நீட்டிவிட்டன. செவலை மட்டும் பிடி கொடுக்கவில்லை. பால்ராஜ் பொறை ரொட்டியும் கையுமாக ஒரு சாயங்காலம் முழுக்கத் தெருவில் குந்தியிருந்ததை ராணி பால்கனியிலிருந்து பார்த்தாள். கணவன் கஜபதியிடம் சொன்னதற்கு, அவங்க லீவு, அவங்க இஷ்டம் என்று முடித்துவிட்டார்.

மறுநாள் இன்னொரு கூத்து. பிள்ளைகள் இருவரும் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு தெருவில் நின்றார்கள். பக்கத்தில் கீழ்வீட்டு யுவராணி. போரூரில் பேங்க் வேலை பார்க்கும் பெண். பிறவியிலேயே பார்வை கிடையாது. எந்த நாய் எங்கே இருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்ல வேண்டுமாம். கண் தெரியாத பெண்ணை வைத்துக்கொண்டு இப்படி ஒரு விளையாட்டா என்று ராணிக்கு மனசே ஆறவில்லை. அன்றைக்கே ஸ்வீட்லினிடம் கேட்டுவிட்டாள்.

"தப்பா நெனச்சிக்காத. நாயி மேல வெக்கிற பாசத்துல பாதிய மனுசங்க மேல வெக்கலாம்ல?"

ஜெமிமா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஸ்வீட்லின் அவளைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டாள். காபி குடிக்கிறீங்களாக்கா என்று மட்டும் கேட்டாள் ஸ்வீட்லின். வேண்டாம் என்று வந்துவிட்டாள் ராணி.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. தன் பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு ராணி திரும்பும்போது, யுவராணி கைக்கம்பைத் தட்டியபடி தனியாக வெளியே வந்தாள். ராணி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"இரும்மா, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நான் வரேன். வழியெல்லாம் நாயிங்க படுத்துகினு கீது."

"தெரியும் ஆன்ட்டி." யுவராணி மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். "இடது பக்கம் செவலை. கம்புச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கும். மணி கேக்கும். நான் ஒதுங்கிப் போயிடுவேன்."

மணி உனக்காகவாம்மா என்று கேட்டாள் ராணி.

யுவராணிதான் சொன்னாள். ஜூன் மாதம் தூங்கிக்கொண்டிருந்த ஒரு நாயைத் தெரியாமல் மிதித்திருக்கிறாள். அது கடித்துவிட்டது. ஊசியெல்லாம் போட்டு ஆறிய பிறகும் பயம் போகவில்லை. வாசலிலிருந்தே ஆட்டோ. கடைக்குக்கூடத் தனியாகப் போவதில்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்று ஒருநாள் ஸ்வீட்லினிடம் அழுதிருக்கிறாள்.

"கண்ணைக் கட்டிக்கிட்டு நடந்து பார்த்து, மணியெல்லாம் சரியாக் கேக்குதான்னு பிள்ளைங்கதான் சோதிச்சாங்க. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் முதல் தடவையா தனியா நடந்து போறேன் ஆன்ட்டி."

"இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா அவ. நான் இன்னான்னமோ பேசிட்டேன்."

"நான்தான் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன். எனக்காகன்னு தெரிஞ்சா தெருவே என்னைப் பாவம்னு பார்க்குமே." யுவராணி சிரித்தாள். "அதுக்கு ஸ்வீட்லின் அக்கா சொன்னாங்க. 'அப்போ நாய்க்காகன்னே சொல்லிடுறோம். எங்களைப் பைத்தியம்னு நெனச்சுட்டுப் போகட்டும்'னு."