ஐந்தாவது கீறல்

என் தம்பி நஞ்சப்பன் எஸ்டேட் முதலாளிக்குத் தர வேண்டியது மூவாயிரத்து நானூற்றிருபது ரூபாய். முந்தாநாள் எஸ்டேட்டை விட்டு ஓடியவன் வீடு போய்ச் சேரவில்லை. முதலாளியின் குட்டைத் துப்பாக்கிக்கு, சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து அடைத்துக் கொடுப்பது என் வேலை. அடைக்கும்போதெல்லாம் கூட்டின் அடியில் ஒரு கீறல் போடுவேன். ஐந்துக்கு மேல் பித்தளை தாங்காது. இன்று ஒரே ஒரு கூடு வந்தது, நாலு கீறலோடு.

“காட்டுப் பன்னியா, மொதலாளி?”

“ஆமா. ஓடப் பாத்துச்சு.” போனவர் திரும்பினார். “உன் தம்பி கடனைத் தள்ளீட்டேன். இனி அந்தப் பேச்சே வேண்டாம்.”

ஒரு ரூபாய் பாக்கிக்கே ஆள்விட்டு அடிக்கிற நாய், தள்ளிவிட்டதாம்.

மருந்தை நிறுத்துப் போட்டேன். ஐந்தாவது கீறலை ஆழமாக இழுத்தேன். அந்தத் தோட்டாவைப் பெட்டியில் வைக்கவில்லை. துடைத்து வைக்கச் சொல்லித் துப்பாக்கியையும் என் மேசையில்தான் விட்டுப் போயிருந்தார்.